சமூகத்துக்கான புத்தாக்கம் என்றால் என்ன? அரசுக் கொள்கைகளை மலையகத்திலிருந்து வாசிப்போம்

இப்போது எந்த அரசுக் கொள்கை ஆவணத்தைத் திறந்தாலும் சில சொற்கள் தவறாமல் வருகின்றன. புத்தாக்கம், சமூகப் புத்தாக்கம், நிலைபேறான அபிவிருத்தி, அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி. உயர்தரப் பிள்ளைகளுக்குப் பாடத்திலேயே வருகிறது. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் சங்கம் நடத்தும் இளைஞர்கள் ஒரு செயற்றிட்டத்துக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தால், "உங்கள் புத்தாக்கம் என்ன?" என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். என்ன எழுதுவது என்று தெரியாமல் பலர் ஏதாவது ஒரு மெஷினின் பெயரை எழுதிவிடுகிறார்கள். சிலர் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஒருவர் இதுவரை இல்லாத ஒன்றைச் செய்து காட்டினால் அது கண்டுபிடிப்பு. அது நாலு பேர் கைக்குப் போய், அன்றாட வேலையில் பயன்பட்டு, பழைய முறையை மாற்றினால்தான் புத்தாக்கம். அது ஒரு பொருளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலையைப் பிரித்துக்கொள்ளும் முறை, பணத்தைச் சேர்க்கும் முறை, தகவலைக் கடத்தும் முறை எல்லாம் இதில் அடங்கும். அரசுகள் புத்தாக்கத்தை அளப்பதற்கென்றே ஒஸ்லோ கையேடு என்று ஒன்று வைத்திருக்கின்றன. ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு அதை முதலில் 1992இல் வெளியிட்டது. தொடக்கத்தில் அது கம்பனிகளை மட்டும்தான் பார்த்தது. 2018இல் வந்த நான்காம் பதிப்புதான் அரசு அலுவலகம், தொண்டு அமைப்பு, குடும்பம் என்று யாரும் புத்தாக்கம் செய்யலாம் என்ற பொதுவான வரையறையைத் தந்தது. அந்த வரையறையின் சாரம் இரண்டுதான்: முன்பு இருந்ததிலிருந்து தெளிவாக மாறுபட்டிருக்க வேண்டும், உண்மையில் பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

ஒரு மழைமானியும் அதைச் சுற்றியுள்ள ஆட்களும்

நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்துப் பார்ப்போம். மண்சரிவு அபாயம் உள்ள ஊர்களில் வைக்கப்படும் சாதாரண மழைமானியைப் பலர் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி போல் தெரியும் ஒரு குழாய், மேலே புனல், பக்கத்தில் மில்லிமீற்றர் கோடுகள். மின்சாரம் தேவையில்லை. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் எல்லைகள் மூன்று. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தொட்டால் புறப்படத் தயாராக வேண்டும். 150 தொட்டால் இடத்தை விட்டுப் போய்விட வேண்டும்.

குழாய் புதிதல்ல, மழையை அளப்பதும் புதிதல்ல. இதில் புதிது எதுவென்றால், மழையை அளந்து முடிவெடுக்கும் வேலையில் ஒரு பங்கு கொழும்பிலிருந்து அந்த ஊர் ஆளின் கைக்கு வந்ததுதான். மலைக்கு மலை மழை மாறும். தோட்டத்தின் ஒரு டிவிசனில் (பிரிவில்) கொட்டும்போது பக்கத்து டிவிசனில் தூறல்தான் இருக்கும். அதனால் உள்ளூர் ஆள் பார்ப்பதில் உண்மையான பயன் உண்டு.

சரி, குழாயை வைத்துவிட்டால் போதுமா? ராத்திரி 2 மணிக்கு யார் எழுந்து டோர்ச் அடித்துப் பார்ப்பது? பார்த்தவர் யாருக்குப் போன் போடுவது, சிக்னல் இல்லாவிட்டால் எப்படிச் சொல்வது? பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது? பாடசாலைக் கட்டடம் என்றால் அதன் சாவி யாரிடம்? இரவெல்லாம் அங்கே இருந்துவிட்டுக் காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகாவிட்டால் அன்றைக்குப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், கிடைக்குமா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஊரும் தோட்ட நிர்வாகமும் கிராம உத்தியோகத்தரும் சேர்ந்து ஓர் ஒழுங்கைச் செய்து, அது மழைக்காலத்தில் நின்று பிடித்தால், அந்த ஒழுங்குதான் சமூகப் புத்தாக்கம். குழாய் அதில் ஒரு பகுதி.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவில் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணோடு போயின. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. அறிவியல் தன் வேலையைச் செய்திருந்தது. ஆனால் லயத்துக் காம்பராவில் வாழ்பவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. போவதற்கு வேறு இடமும் கொடுக்கப்படவில்லை. எச்சரிக்கை கேட்டவர் எங்கே போவார்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகம் முழுவதும் நடந்த மண்சரிவுகளுக்குப் பிறகும் அதே கேள்விதான் நம் முன்னால் இருக்கிறது. புத்தாக்கத்தைப் பற்றிய பேச்சில் காணி உரிமைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்: காணி இல்லாமல் எச்சரிக்கைக் கருவி பாதி வேலைதான் செய்யும்.

அரசுகள் இதை எப்படிப் பேசி வந்தன

எல்லா நாட்டு அரசுகளும் எப்போதும் இப்படிச் சமூகத்தைச் சேர்த்துப் பேசியவை அல்ல. சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களான யோஹான் ஸ்கொட், எட்வர்ட் ஸ்டைன்முல்லர் இருவரும் 2018இல் எழுதிய கட்டுரையில் புத்தாக்கக் கொள்கைகளின் போக்கை மூன்று சட்டகங்களாக, அதாவது மூன்று பார்வைகளாக, பிரித்தார்கள். தொடக்கநிலை வாசகருக்கு அதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் சட்டகம் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வந்தது. 1945இல் அமெரிக்காவில் வன்னேவர் புஷ் ஜனாதிபதிக்குக் கொடுத்த அறிக்கை இதற்குப் பெயர் பெற்ற உதாரணம். அரசு விஞ்ஞானத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். விஞ்ஞானிகள் சுதந்திரமாக ஆராய வேண்டும். அதிலிருந்து புதிய பொருள்களும் மருந்துகளும் வேலைவாய்ப்பும் தானாக வரும் என்பது அதன் நம்பிக்கை. அந்தப் பேச்சில் பொதுமக்கள் கடைசியில்தான் வருவார்கள், பயன் பெறுகிறவர்களாக.

இரண்டாவது 1980களில் வலுப்பெற்றது. ஜப்பான் எப்படி முன்னேறியது என்று மற்ற நாடுகள் ஆராயத் தொடங்கியபோது, ஆராய்ச்சிக்கூடம் மட்டும் போதாது, பல்கலைக்கழகமும் கம்பனியும் வங்கியும் அரசும் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்க வேண்டும் என்பது விளங்கியது. தேசிய புத்தாக்க முறைமை என்ற சொற்றொடர் அப்போதுதான் பரவியது. ஆனால் நோக்கம் போட்டியில் வெல்வதுதான். ஏற்றுமதி கூட வேண்டும், காப்புரிமைகள் கூட வேண்டும்.

மூன்றாவது சட்டகம் கேட்கும் கேள்வி வேறு. புத்தாக்கம் கூடிக்கொண்டே போகிறது. அதோடு சேர்ந்து காலநிலை ஏன் கெடுகிறது, ஏற்றத்தாழ்வு ஏன் கூடுகிறது? அப்படியானால் எவ்வளவு புத்தாக்கம் என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தத் திசையில் என்றும் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் வெளியிட்ட புத்தாக்கத் திட்டத்தில் சமூகப் புத்தாக்கத்துக்கு இடம் கொடுத்தது. 2021இல் தொடங்கிய அதன் ஆராய்ச்சித் திட்டத்தில் இலக்கைத் தலைப்பாக வைத்த பணிகள் ஐந்து இருக்கின்றன. 2030க்குள் 100 நகரங்களைக் காலநிலைக்குச் சுமை இல்லாதவையாக மாற்றுவது அவற்றில் ஒன்று. எந்தத் துறைக்கு எவ்வளவு பணம் என்று தொடங்காமல், எந்தப் பிரச்சினையை எந்த ஆண்டுக்குள் தீர்ப்பது என்று தொடங்கும் முறை அது. இப்படி அரசு திசையைச் சொல்லி முன்னே நடக்க வேண்டும் என்று விடாமல் வாதாடி வருபவர்களில் பொருளியலாளர் மரியானா மட்சுகாட்டோ முக்கியமானவர். தென்னாபிரிக்கா 2019இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, கொலம்பியா 2018இல் கொண்டுவந்த பச்சை நூல் என்ற புத்தாக்கக் கொள்கை ஆவணங்களும் இதே திசையில் பேசுகின்றன.

நம் பக்கத்து நாடான இந்தியா 2013இல் வெளியிட்ட கொள்கையில் மக்களுக்கான அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கம் என்று நேரடியாகவே சொன்னது. அதற்கும் முன்பே, 2000இல், ஊர்மட்டத்துக் கண்டுபிடிப்பாளர்களைத் தேடிப் பதிவு செய்வதற்கென்று தேசிய புத்தாக்க அறக்கட்டளையை அங்கே தொடங்கியிருந்தார்கள். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். அவர் குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் செய்யும் மெஷினை உருவாக்கியது கண்டுபிடிப்பு. அதை ஒரு பெரிய கம்பனிக்கு விற்றுவிடாமல், ஊர்ப் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் தாங்களே செய்து தாங்களே விற்கும்படி கொடுத்தாரே, அங்கேதான் அது சமூகப் புத்தாக்கமாக மாறியது. போய்ச் சேரும் இடமும் போகிற வழியும் இரண்டும் சமூகத்துக்கு நன்மை தர வேண்டும் என்று கொள்கை ஆவணங்கள் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது வந்ததும் முதலிரண்டும் போய்விட்டன என்று நினைக்க வேண்டாம். இன்றைய ஆவணங்களில் மூன்றும் கலந்தே கிடக்கும். முன்னுரையில் மூன்றாம் சட்டகத்தின் சொற்கள் இருக்கும். செலவுக் கணக்குப் பக்கத்துக்கு வந்தால் முதல் சட்டகம் இருக்கும். அதனால் நான் எப்போதும் பின்பக்கத்திலிருந்து படிக்கச் சொல்வேன்.

நிலைபேறு மலையகத்துக்குப் புதிதல்ல

நிலைபேறு என்றால், இன்றைய தேவையைத் தீர்க்கும்போது நாளைக்குத் தேவையானதைக் கெடுக்காமல் இருப்பது. தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் தொடங்கியது. அதன் பழைய வேலைகளில் ஒன்றை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தேயிலைக் கொழுந்தை இழையால் ஒட்டிச் சுருட்டி உள்ளே இருந்து தின்னும் புழு ஒன்று அந்தக் காலத்தில் தோட்டங்களைப் பாடாய்ப் படுத்தியது. 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சிறிய குளவி இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளவி புழுவின் உடலில் முட்டையிடும். குஞ்சு புழுவைத் தின்று வளரும். சில ஆண்டுகளில் புழு அடங்கிவிட்டது. மருந்தடிக்கும் செலவு இல்லை, மருந்தடிக்கிற ஆளுக்கு நோய் இல்லை, தண்ணீருக்குக் கேடு இல்லை.

பிறகு என்ன நடந்தது என்பதும் முக்கியம். தேயிலைத் தண்டைத் துளைக்கும் ஒரு வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற கடுமையான பூச்சிமருந்தை அடித்தார்கள். அந்த மருந்து குளவியையும் சேர்த்துக் கொன்றது. அடங்கிக் கிடந்த சுருட்டுப் புழு மறுபடியும் கிளம்பியது. ஒரு பிரச்சினைக்கு வந்த புதிய தீர்வு, ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு தீர்வை அழித்துவிட்டது. நிலைபேறு என்று கொள்கைகள் எழுதும்போது இந்தத் தொடர்புகளை எல்லாம் சேர்த்துப் பார்க்கத்தான் சொல்கின்றன, அல்லது சொல்ல வேண்டும்.

அடுத்தது மின்சாரம். மஸ்கெலியாப் பக்கம் லக்ஸபானவில் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே அறிக்கை எழுதினார். அந்த நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. மலையகத்துத் தண்ணீர் நாடு முழுவதற்கும் வெளிச்சம் கொடுத்தது. அந்த வெளிச்சம் அதே மலையில் இருந்த லயங்களுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆனது.

இந்த இடைவெளியில்தான் கிராமிய நீர்மின் திட்டங்கள் வந்தன. 1990களின் தொடக்கத்தில் தொண்டு அமைப்புகளின் உதவியோடு ஆரம்பித்து, 1997க்குப் பிறகு உலக வங்கிக் கடனோடு பெருகின. மலைநாட்டிலும் அதை ஒட்டிய இரத்தினபுரி, கேகாலைப் பக்கங்களிலும் பல ஊர்கள் இப்படி வெளிச்சம் பெற்றன. இதன் வேலை முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஓடையில் சின்ன அணை. அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டி ஒரு வாய்க்கால். வாய்க்கால் முடிவில் சேறும் சருகும் தங்கிவிட ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து பைப் செங்குத்தாகக் கீழே இறங்கும். கீழே, தண்ணீர் பாய்ந்து அடிக்கும் வேகத்தில், உள்நாட்டுப் பட்டறையில் செய்த பெல்டன் சக்கரம் சுழலும். சாதாரண மின்மோட்டரையே ஜெனரேட்டராக ஓடவிடுவார்கள். ஊரார் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போனால் மிஞ்சும் மின்சாரம் மோட்டரைக் கெடுத்துவிடும் என்பதால், அதைத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டருக்குத் திருப்பிவிட ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு.

கருவிகள் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஆட்களின் ஏற்பாடு. ஒவ்வோர் ஊரிலும் மின் நுகர்வோர் சங்கம் ஒன்று பதிவானது. வாய்க்காலைச் சிரமதானம் செய்து வெட்டினார்கள். கடன் சங்கத்தின் பெயரில் வந்தது. ஒரு வீட்டுக்கு இவ்வளவு வாட் என்று எல்லை. ஒரு வீட்டில் இஸ்திரிப் பெட்டி போட்டால் ஊர் விளக்கெல்லாம் மங்கிவிடும் என்பதால் அந்த எல்லையை ஊரே பார்த்துக்கொண்டது. மாதச் சந்தா வாங்க ஒருவர், தொட்டியில் சருகு அள்ள ஒருவர். விண்ணப்பப் படிவத்தின் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான். "நீர்மின் இயந்திரம்" என்று மட்டும் எழுதினால் முக்கால்வாசி விஷயம் விடுபட்டுவிடும்.

இதன் முடிவும் கற்றுக்கொள்ள வேண்டியது. தேசிய மின்வலையமைப்பின் கம்பி ஊருக்குள் வந்ததும் பல சங்கங்கள் கலைந்தன, மெஷின்கள் துருப்பிடித்தன. சில இடங்களில் மட்டும் அந்த மின்சாரத்தைத் தேசிய வலையமைப்புக்கு விற்க வழி செய்யப்பட்டது. ஊர் மக்கள் கட்டியெழுப்பிய ஒன்றைப் பெரிய திட்டம் வரும்போது எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதைக் கொள்கை முன்கூட்டியே யோசித்திருந்தால் இன்னும் பல பிழைத்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராமத்தில் சங்கம் வைத்துக் கடன் எடுக்க முடிந்தது போலத் தோட்டத்தில் முடியாது. ஓடை ஓடும் நிலமும் தோட்டத்துடையது, வீடும் தோட்டத்துடையது. ஆர்வத்திலோ அறிவிலோ நம் ஆட்கள் குறைந்தவர்கள் என்பதால் வந்த வித்தியாசம் அல்ல இது.

இலங்கையின் சட்டங்களும் எண்களும்

இலங்கையில் இதற்கான அமைப்புகள் இல்லாமல் இல்லை. கண்டுபிடிப்பாளர்களை ஊக்குவிக்க 1979இலேயே சட்டம் போட்டுப் புத்தாக்குநர் ஆணைக்குழுவை அமைத்தார்கள். பிரதேச மட்டத்தில் தொழில்நுட்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க விதாதா வள நிலையங்கள் வந்தன. 2017இன் 19ஆம் இலக்க நிலைபேறான அபிவிருத்திச் சட்டம் அதற்கென ஒரு பேரவையை உருவாக்கியது. 2019இன் 22ஆம் இலக்கச் சட்டம் தேசிய புத்தாக்க முகவரகத்துக்கு வழி செய்தது.

2015இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஒன்பதாவது, கைத்தொழிலையும் உட்கட்டமைப்பையும் புத்தாக்கத்தையும் பற்றியது. அதன் கீழ் புத்தாக்கம் பற்றிய உப இலக்கு 9.5. அது நிறைவேறுகிறதா என்று எதை வைத்துப் பார்க்கிறார்கள்? இரண்டு எண்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் போகும் பங்கு ஒன்று; 10 லட்சம் பேருக்கு எத்தனை ஆராய்ச்சியாளர்கள் என்பது மற்றது. இலங்கையின் பங்கு சுமார் 0.1 சதவீதம். 1,000 ரூபாயில் ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக சராசரி கிட்டத்தட்ட 2 சதவீதம், அதாவது 1,000 ரூபாயில் 20 ரூபாய்.

இந்தத் தொகை கூட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் இந்த இரண்டு எண்களிலும் மீரியபெத்தை வராது, மழைமானியைப் பார்க்கும் ஆள் வரமாட்டார், வாய்க்கால் வெட்டிய சங்கம் வராது. கொள்கையின் முகப்பில் சமூகம் என்று எழுதிவிட்டு, கடைசியில் செலவையும் ஆராய்ச்சியாளர்களையும் மட்டும் எண்ணினால், அதிகாரிகள் எதைக் கூட்ட முயல்வார்கள்? எண்ணப்படுவதைத்தான். கொழுந்து பறிக்கிற நமக்கு இது விளக்கிச் சொல்லத் தேவையில்லாத விஷயம். தராசில் ஏறுவது கிலோ மட்டும்தான். அட்டைக் கடியும் வழுக்கு மலையும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

2021: திசை மட்டும் போதாது என்பதற்கு

2021 மே மாதம் வர்த்தமானி ஒன்றின் மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் சேதன விவசாயத்துக்கு, அதாவது இரசாயனம் இல்லாத இயற்கை விவசாயத்துக்கு, மாற வேண்டும் என்றார்கள். மண்ணைக் காப்பது, நஞ்சில்லா உணவு, நிலைபேறு: சொன்ன காரணங்கள் எல்லாமே நல்லவை. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் 2019 தேர்தல் அறிக்கையில் 10 ஆண்டுகளில் செய்வதாகச் சொன்னதை ஒரே பருவத்தில் செய்ய உத்தரவு வந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் பாதிப்பு தொடங்கிவிட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் அதோடு சேர்ந்துகொண்டது.

தோட்டத்தில் இதன் பொருள் என்ன? பசளை இல்லாமல் செடி துளிர்க்காது. துளிர்க்காத மலையில் எவ்வளவு நேரம் நின்றாலும் ஒரு நாளில் பறிக்க வேண்டிய 18 கிலோ, 20 கிலோ நிறையாது. நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். கொழும்பில் எடுத்த முடிவின் விலையைக் கூடை சுமந்த பெண்கள் தங்கள் சம்பளத்தில் கட்டினார்கள். அவர்களிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. தேயிலை ஆராய்ச்சியாளர்களும் சிறுதோட்ட உரிமையாளர்களும் சொன்ன எச்சரிக்கைகளும் கேட்கப்படவில்லை.

இதை வைத்துச் சேதன விவசாயமே தவறு என்று முடிவு கட்டுவது சரியல்ல. மூன்றாம் சட்டகத்தைப் பேசும் ஆய்வாளர்கள் மாறுநிலைக் காலம் என்று ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். சின்ன இடத்தில் செய்து பார்ப்பது, பிழையிலிருந்து கற்பது, நட்டப்படுகிறவருக்கு ஈடு கொடுப்பது, பிறகு விரிப்பது. 2021இல் திசை இருந்தது; இது எதுவும் இருக்கவில்லை. ஒரு கொள்கையில் நிலைபேறு என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று பார்ப்பதைவிட, மாறும் காலத்தில் நட்டம் யார் தலையில் விழும், அதற்கு என்ன ஏற்பாடு என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் பயனுள்ள வாசிப்பு.

ஆவணம் கையில் கிடைத்தால்

கொள்கை ஆவணத்தில் முதலில் வினைச்சொற்களைப் பாருங்கள். யார் உருவாக்குவார், யார் தீர்மானிப்பார், யார் பெறுவார்? பல ஆவணங்களில் பல்கலைக்கழகம் உருவாக்கும், அமைச்சு தீர்மானிக்கும், தனியார்துறை முதலிடும், பின்தங்கிய சமூகங்கள் பயன்பெறும். நாம் பெரும்பாலும் அந்தக் கடைசி வினையில்தான் இருப்போம். பெருந்தோட்ட மக்கள் என்ற சொல் வருகிற இடங்களை எல்லாம் அடிக்கோடிட்டுப் பாருங்கள். ஓர் இடத்திலாவது நாம் செய்கிறவர்களாக வருகிறோமா என்பது தெரிந்துவிடும். மரண உதவிச் சங்கமும் சீட்டும் நடத்தி, கையில் காசில்லாத காலத்திலும் ஒருவரையொருவர் தாங்கிய சமூகம் இது. ஏற்பாடு செய்யத் தெரியாதவர்கள் என்று நம்மைப் பற்றி எழுதப்படுவதை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

அப்புறம் பிரச்சினை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கொழுந்து பறிக்க ஆள் கிடைப்பதில்லை என்பது தோட்டக் கம்பனியின் பார்வையில் பிரச்சினை. அதற்குத் தீர்வு பறிக்கும் மெஷின். அந்தச் சம்பளத்தில் அந்த வேலையைச் செய்ய இளையவர்கள் விரும்பவில்லை என்பது தொழிலாளியின் பார்வையில் பிரச்சினை. அதற்குத் தீர்வு வேறு. இரண்டும் ஒரே மலையைப் பற்றியவைதான். எந்த வாசகம் ஆவணத்தில் ஏறுகிறதோ அதற்கேற்ற புத்தாக்கத்துக்குத்தான் பணம் வரும். பிறகு செலவுக் கணக்கு, கடைசியாகக் குறிகாட்டிகள், அதாவது வெற்றியை அளக்க எதை எண்ணுகிறார்கள் என்பது. இந்த நான்கையும் பார்க்க ஒரு மாலை நேரம் போதும்.

தமிழில் ஆவணம் இல்லை என்றால் கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இலங்கையின் அரசகரும மொழி. உங்கள் பிரதேசத்தில் எந்தச் செயற்றிட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், யார் தெரிவு செய்யப்பட்டார்கள், எந்த அளவுகோலில் என்று அறிய 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுத்தால் போதும். எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். மண்சரிவு அபாய வலயத்தில் உங்கள் லயம் இருக்கிறதா, இருந்தால் உங்களுக்கென்று ஒதுக்கிய மாற்றுக் காணி எங்கே என்ற கேள்வியையும் அதே கடிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.